பழைய தாளில் ஒரு பனிக்காலம்: பிள்ளைகளோடு செய்து பார்க்கச் சில கைவேலைகள்

நாங்கள் முதன்முதலாகச் செய்த காகிதப் பனிப்பூ, விரித்தபோது பன்னிரண்டு மெல்லிய துண்டுகளாகப் பிரிந்து மேசை முழுக்க விழுந்தது. தப்பு என்னுடையது. மகள் நன்றாகத்தான் வெட்டியிருந்தாள். மடிப்பின் இரண்டு ஓரமும் கொஞ்சம் கோணலாக இருக்கிறதே என்று நான்தான் கத்தரிக்கோலை வாங்கி, இரு பக்கமும் மேலிருந்து கீழ்வரை நேராக நறுக்கினேன். பனிப்பூவைப் பிரியாமல் பிடித்துக்கொண்டிருப்பதே அந்த மடிப்பு ஓரங்கள்தான் என்பது அதன்பிறகுதான் உறைத்தது. அவள் அழவில்லை. துண்டுகளைப் பொறுக்கி ஒரு அட்டையில் வட்டமாக ஒட்டி, "இது உடைஞ்ச பனி" என்றாள்.

அன்றைக்கு இரண்டு பழக்கம் வந்தது. ஒன்று, பிள்ளையோடு உட்காரும்போது என் கையில் எனக்கென்று ஒரு தாள் இருக்கும். திருத்த வேண்டும் என்று கை அரித்தால் என் தாளைத் திருத்திக்கொள்வேன். இன்னொன்று, என்ன செய்யலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் என்ன தாள் இருக்கிறது என்று பார்ப்பேன். இந்த இரண்டாவது பழக்கத்திலிருந்தே ஆரம்பிக்கலாம்.

முதலில் தாளைப் பாருங்கள்

படத்தில் பார்த்த ஒரு பொருளைச் செய்ய முடிவெடுத்துவிட்டு அதற்கேற்ற தாள் தேடினால், கடைசியில் புதுத்தாள் வாங்கத்தான் கடைக்குப் போக வேண்டியிருக்கும். வீட்டில் கிடப்பது என்ன, அது எந்த வேலைக்குத் தோது என்று பார்த்தால் செலவும் இல்லை, வேலையும் சுலபம். ஒரு வாரத்துக்கு ஒரு அட்டைப் பெட்டியை ஓரமாக வைத்துவிடுங்கள். செய்தித்தாள், வார இதழ், ஒரு பக்கம் அச்சான தாள், கடித உறை, பழுப்புக் காகிதப் பை, டிஷ்யூ ரோலின் நடுவில் இருக்கும் அட்டைக் குழல், பரிசுப் பொருள் சுற்றிவந்த மெல்லிய தாள் எல்லாம் அதில் போய்ச் சேரட்டும்.

வாரக் கடைசியில் பெட்டியைத் தரையில் கொட்டி, பிள்ளைகளைப் பிரிக்கச் சொல்லுங்கள். நிறத்தைப் பார்த்து வேண்டாம். தொட்டுப் பார்த்துப் பிரிக்க வேண்டும். மெல்லியது ஒரு குவியல், நடுத்தரம் ஒன்று, தடிமன் ஒன்று. அச்சு எந்திரத்தில் போடும் தாள் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை. செய்தித்தாள் ஏறக்குறைய அதில் பாதி. சொன்னால் பெரிய வித்தியாசமாகத் தெரியாது. பன்னிரண்டு அடுக்காக மடித்து, ஐந்து வயதுப் பிள்ளையின் கையில் கத்தரிக்கோலோடு கொடுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

தாளுக்கு ஓட்டமும் உண்டு. எந்திரத்தில் தாள் உருவாகும்போது கூழில் இருக்கும் நார்கள் பெரும்பாலும் எந்திரம் ஓடும் திசையிலேயே படிகின்றன. அதனால் ஒரு செய்தித்தாளை ஒரு திசையில் கிழித்தால் அளவுகோல் வைத்ததுபோல நேராக வரும். குறுக்கே கிழித்தால் எங்கெங்கோ ஓடும். இதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விடுங்கள். எந்தப் பக்கம் நேராகக் கிழிகிறது என்று தெரிந்துவிட்டால் பட்டைப் பட்டையாகக் கிழிக்கக் கத்தரிக்கோலே வேண்டாம். குழலாகச் சுருட்டுவதும் மடிப்பதும்கூட ஓட்டத்தோடு போனால் படியும், எதிர்த்துப் போனால் முரண்டு பிடிக்கும்.

சிலவற்றை மட்டும் பெட்டியில் சேர்க்காதீர்கள். கடையில் தரும் வழுவழுப்பான பில் சீட்டு பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகும் தாள். நகத்தால் கீறினால் கறுப்புக் கோடு விழும், அதுதான் அடையாளம். அதன் பூச்சில் பிள்ளைகள் கையில் ஒட்டக்கூடாத ரசாயனங்கள் இருக்கக்கூடும். முட்டை அட்டையில் முட்டை வழிந்த கறை இருந்தால் அதுவும் வேண்டாம். கூழ் அட்டையைக் கழுவிச் சுத்தம் செய்ய முடியாது. உள்ளே பிளாஸ்டிக் பூசிய தாளில் மாவுப் பசை ஒட்டாது, வீண் எரிச்சல். ஸ்டேப்ளர் பின் இருந்தால் முதலில் பிடுங்கிவிடுங்கள்.

பசை, கத்தரிக்கோல், வயது

பசை வீட்டிலேயே கிண்டிவிடலாம். மைதாவோ கோதுமை மாவோ ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு. ஒரு பங்கு குளிர்ந்த தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். மிச்சத் தண்ணீரைச் சுடவைத்து, கொதிக்கத் தொடங்கியதும் கரைசலை ஊற்றி, சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருந்தால் இரண்டு மூன்று நிமிடத்தில் வெள்ளை நிறம் மங்கி, கண்ணாடி போன்ற பளபளப்பு வரும். இறக்கி ஆறவிடுங்கள். அடுப்பு வேலை பெரியவருடையது. ஆறிய பிறகு பிள்ளைகள் விரலாலேயே தொட்டுத் தடவலாம். மூடி குளிர்பெட்டியில் வைத்தால் சில நாள் வரும். புளித்த வாசம் வந்தால் கொட்டிவிடுங்கள். கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருந்தால் சோள மாவில் செய்யலாம், அல்லது கடையில் விற்கும் வெள்ளைப் பசையே போதும்.

புதியவர்கள் எல்லோரும் செய்யும் ஒரு தவறு, பசையை அள்ளிப் பூசுவது. தாள் நனைந்தால் விரியும், காயும்போது சுருங்கும், அப்போதுதான் முறுக்கிக்கொள்ளும். ஒரு பழைய தூரிகையால் மெல்லியதாகத் தடவி, ஒட்டிய பிறகு கனமான புத்தகத்தின் அடியில் வைத்தால் தட்டையாகக் காயும். புத்தகத்தில் ஒட்டிக்கொள்ளாதபடி நடுவில் ஒரு பிளாஸ்டிக் தாள் வையுங்கள்.

கத்தரிக்கோல் முனை மழுங்கியதாக இருக்கட்டும், ஆனால் வாய் கூராக இருக்க வேண்டும். வெட்டாத கத்தரிக்கோலைக் கொடுத்துவிட்டு "இவனுக்கு வெட்டவே வரவில்லை" என்று சொல்வது நியாயமில்லை. பிள்ளை இடது கைப்பழக்கம் உள்ளதாக இருந்தால் அதற்கென்று விற்கும் கத்தரிக்கோலே வேண்டும். சாதாரணக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் அழுத்தும்போது இரு அலகும் விலகும். தாள் வெட்டுப்படாமல் நடுவில் மடங்கிக்கொள்ளும். வெட்டும்போது கத்தரிக்கோல் நேராகவே இருக்கட்டும், தாளைத் திருப்பச் சொல்லுங்கள். இந்த ஒரு வரி மட்டும் பழகிவிட்டால் வளைவும் வட்டமும் தானாக வரும்.

இரண்டு வயதுக்குக் கிழிப்பது போதும். மூன்று நான்கில் ஒரு நறுக்கு, இரண்டு நறுக்கு வரும். கோட்டைத் தொடர்ந்து வெட்டுவதெல்லாம் அதற்கப்புறம். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை பக்கத்தில் இருந்தால் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள்: டிஷ்யூ ரோல் குழலுக்குள் முழுதாக நுழையும் எந்தச் சிறு பொருளும் அந்தக் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது. வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும் அளவு அது.

கிழித்துச் செய்யும் மலைகள்

தொடங்க இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை. கத்தரிக்கோல் இல்லை, அளவு இல்லை, கெட்டுப்போக எதுவுமே இல்லை.

வார இதழிலிருந்து நீலமும் சாம்பலும் அதிகம் உள்ள பக்கங்களாக நான்கைந்து எடுங்கள். விளம்பரம், வானம், கடல், கார், எதுவானாலும் சரி. ஒவ்வொன்றையும் குறுக்காக, ஏறி இறங்கும் மலைக்கோடு போல மெதுவாகக் கிழிக்க வேண்டும். கிழித்த இரண்டு பாதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் அச்சு நிறம் ஓரம்வரை இருக்கும். இன்னொன்றின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கரை தெரியும். மேலே மை, உள்ளே வெள்ளை நார். கிழிசல் சாய்வாக இறங்குவதால் ஒரு பாதியில் நார் வெளியே தெரிகிறது. அந்த வெள்ளைக் கரைதான் மலை உச்சியில் படிந்த பனி! கிழிக்கும் திசையை மாற்றினால் வெள்ளை அடுத்த பாதிக்குப் போய்விடும். எப்படிக் கிழித்தால் தன் மலைக்குப் பனி கிடைக்கும் என்பதைப் பிள்ளை தானாகவே கண்டுபிடிக்கும். நீங்கள் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு அட்டையில் வெளிர் நிறமுள்ள மலையை முதலில் மேலாக ஒட்டி, அதைக் கொஞ்சம் மறைத்து அடர்ந்த நிறத்தைக் கீழே ஒட்டிக்கொண்டே வந்தால், தூரத்து மலை மங்கி, கிட்டத்து மலை எடுப்பாக நிற்கும். கடித உறையின் வெள்ளை உட்புறத்தைக் கிழித்துக் கீழே ஒட்டினால் பனித்தரை. என் மகன் அதில் பாதி கார் சக்கரம் தெரிகிற ஒரு மலையை ஒட்டினான். பனியில் சிக்கிய வண்டியாம்.

ஆறு முனைப் பனிப்பூ

இதில்தான் கொஞ்சம் நிதானமாக இருக்க வேண்டும். நான்கு முனை, எட்டு முனையில் மடிப்பது எளிது, பார்க்கவும் அழகுதான். ஆனால் உண்மையான பனித்துகளுக்கு ஆறு முனை. ஏன் ஐந்து இல்லை, ஏன் எட்டு இல்லை என்று யோகான்னஸ் கெப்ளர் 1611-இல் ஒரு சிறு நூலே எழுதினார். கோள்களின் பாதையைக் கணக்கிட்டவர் அவர்தான். சரியான விடை கிடைக்க இன்னும் முந்நூறு ஆண்டு ஆனது: உறையும்போது தண்ணீர் மூலக்கூறுகள் அறுகோண வரிசையில் அடுக்கிக்கொள்கின்றன, அந்த அறுகோணமே வளர்ந்து துகளின் வடிவமாகிறது. பிள்ளை "ஏன் ஆறு?" என்று கேட்டால் இவ்வளவு போதும்.

மெல்லிய தாளாக எடுங்கள். செய்தித்தாளோ வார இதழ்ப் பக்கமோ, பரிசு சுற்றிவந்த தாளோ நன்றாக வரும். 80 கிராம் தாள்தான் இருக்கிறது என்றால் பரவாயில்லை. கடைசி மடிப்பை மட்டும் விட்டுவிடலாம், கீழே சொல்கிறேன்.

1. சதுரம் வேண்டும். ஏ4 தாளாக இருந்தால் ஒரு மூலையை எதிர் ஓரத்தோடு சேர்த்து மடியுங்கள். முக்கோணம் வரும், பக்கத்தில் 87 மில்லிமீட்டர் அகலப் பட்டை ஒன்று மிஞ்சும். அதை வெட்டித் தனியே வையுங்கள். எறிய வேண்டாம், வேலை இருக்கிறது.

2. முக்கோணத்தின் நீள ஓரம் உங்கள் பக்கம் இருக்கட்டும். இரு முனையையும் சேர்த்து, நீள ஓரத்தின் நடுவில் மட்டும் நகத்தால் ஒரு அடையாளம் வைத்து விரித்துவிடுங்கள்.

3. அந்த நடுப்புள்ளியிலிருந்து மூன்று சமபாகமாக மடிக்க வேண்டும். கோணமானி வேண்டாம், கடிகாரம் போதும். நடுப்புள்ளி கடிகாரத்தின் மையம் என்றால், நீள ஓரம் 9-க்கும் 3-க்கும் போகிறது. 3-இல் இருக்கும் பக்கத்தைத் தூக்கி 11-க்குக் கொண்டுவந்து மடியுங்கள். அப்புறம் 9-இல் இருக்கும் பக்கத்தை அதன்மேல் 1-க்குக் கொண்டுவாருங்கள். ஓரங்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தினால் மட்டும் அழுத்துங்கள். பொருந்தவில்லையா, அழுத்துவதற்கு முன்னால் நகர்த்திக்கொள்ளுங்கள். அழுத்திய பிறகு நகர்த்தினால் இரட்டை மடிப்பு விழும்.

4. இப்போது கையில் இருக்கும் ஆறு அடுக்குக் கூம்பை நீளவாக்கில் பாதியாக மடியுங்கள். பன்னிரண்டு அடுக்கு, கடிகாரத்தில் ஒரு மணி நேர அகலம்.

5. மேலே துருத்திக்கொண்டிருக்கும் காதுகளை வெட்டிவிடுங்கள். ஒரு ஓரத்துக்குச் செங்குத்தாக நேரே வெட்டினால் விரித்தபிறகு அறுகோணம் கிடைக்கும். நன்றாகச் சாய்த்து வெட்டினால் ஆறு முனை நட்சத்திரம்.

அவ்வளவுதான் மடிப்பு. இதுவரை பெரியவர் செய்யலாம். இனிமேல் பிள்ளையுடையது.

இரண்டு மடிப்பு ஓரத்திலிருந்தும் உள்நோக்கி வெட்ட வேண்டும். முக்கோணம், பாதி நிலா, மீன்முள் மாதிரி மெல்லிய கீறல், எது வேண்டுமானாலும் வெட்டலாம். ஒரே ஒரு விதி: ஒரு ஓரத்தில் தொடங்கிய வெட்டு எதிர் ஓரத்தைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் அதற்கு மேலே இருப்பது கையோடு வந்துவிடும். ஓரம் முழுவதையும் நறுக்கிவிடவும் கூடாது. என் கதைதான் தெரியுமே. எவ்வளவு அதிகமாகத் துளைக்கிறோமோ அவ்வளவு பனி மாதிரி தெரியும். முதல் பூவில் எல்லோரும் பயந்து பயந்து நான்கு வெட்டு வைப்பார்கள். விரித்தால் துளைபோட்ட கைக்குட்டை மாதிரி இருக்கும். மூன்றாவது பூவில் தைரியம் வரும்.

கூர்முனையைக் கொஞ்சம் கத்தரித்தால் நடுவில் ஒரு துளை விழும். கொஞ்சம் என்றால் அரிசி அளவு. அதற்குமேல் போனால் நடுவில் பெரிய ஓட்டையோடு வளையமாகிவிடும்.

தடித்த தாளில் கடைசி மடிப்பை விட்டுவிட்டு ஆறு அடுக்கோடு வெட்டினால், இரு ஓரத்திலும் வெவ்வேறு விதமாக வெட்டும்போது மூன்று பக்கம் ஒரு மாதிரியும் மூன்று பக்கம் வேறு மாதிரியும் வரும். அது தவறில்லை. முக்கோணச் சாயலில் இருக்கும் பனித்துகள்களும் இயற்கையில் உண்டு.

விரிக்கும்போது அவசரம் ஆகாது. மடித்த வரிசைக்கு எதிர்வரிசையில், ஒவ்வொரு அடுக்காக, துளைகள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொள்ளாமல் பிரிக்க வேண்டும். எங்கள் வீட்டில் இந்த நிமிடத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவோம், ஏனோ. அப்புறம் புத்தகத்தின் நடுவில் அரை மணி நேரம் வைத்தால் தட்டையாகிவிடும்.

விரித்த பூக்களை வரிசையாக வைக்கும்போது, வில்சன் பென்ட்லியைப் பற்றிச் சொல்லலாம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிக்கோ என்ற ஊரில் விவசாயம் பார்த்தவர். நுண்ணோக்கியைக் கேமராவோடு இணைத்து 1885 ஜனவரி 15 அன்று ஒரு பனித்துகளைப் படம் பிடித்தார். அதன்பிறகு 1931-இல் இறக்கும்வரை 5,000-க்கும் மேற்பட்ட துகள்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்திருக்கிறார். துகள் உருகுவதற்குள் எடுத்தாக வேண்டும் என்பதால் கொட்டகையின் குளிரிலேயே நின்று வேலை செய்தார். இதைக் கேட்ட என் மகள் தன் பூக்களுக்கு எண் போட ஆரம்பித்தாள். இப்போது 43-இல் நிற்கிறது.

மிஞ்சிய 87 மில்லிமீட்டர் பட்டையை மறந்துவிடாதீர்கள். நீளவாக்கில் மூன்றாகக் கிழித்தால் சங்கிலிக்கு மூன்று கண்ணி. ஒன்றை வளையமாக்கி ஒட்டி, அடுத்ததை அதற்குள் நுழைத்து ஒட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். சங்கிலிக்கு விளக்கம் தேவையில்லை. நான்கு பூவுக்குப் பன்னிரண்டு கண்ணி, அதே சங்கிலியில் பூக்களையும் தொங்கவிடலாம்.

இலை உதிர்ந்த மரம்

தட்டையான அடிப்பாகம் உள்ள பழுப்புக் காகிதப் பை இதற்கு வேண்டும். கைப்பிடி இருந்தால் பிய்த்துவிடுங்கள். பையை நிமிர்த்தி வைத்து, வாயிலிருந்து கீழ்நோக்கிப் பாதி உயரம்வரை இரண்டு விரல் அகலப் பட்டைகளாகச் சுற்றிலும் வெட்டுங்கள். இப்போது வெட்டாத கீழ்ப்பாதியின் நடுவில் இரண்டு கையாலும் பிடித்து, ஈரத்துணி பிழிவதுபோல முறுக்குங்கள். அடிப்பாகம் விரிந்து வேராக உட்கார்ந்துகொள்ளும். நடுவில் அடிமரம் திரண்டு வரும். பை கிழிகிறதே என்று பயம் வேண்டாம், கிழிந்த இடம் பட்டை வெடித்த மாதிரி இன்னும் அழகாகத்தான் இருக்கும்.

மேலே தொங்கும் பட்டைகளை மூன்று நான்காகச் சேர்த்து முறுக்கினால் ஒரு கிளை. அதே கிளையின் நுனியில் பட்டைகளைப் பிரித்துத் தனித்தனியாக முறுக்கினால் சிறு கிளைகள். முறுக்கு அவிழ்ந்துகொண்டே இருந்தால் விரலைத் தண்ணீரில் தொட்டு ஈரப்படுத்தி முறுக்குங்கள், காய்ந்ததும் அப்படியே நிற்கும். முறுக்குவதற்குப் பிள்ளையின் கையில் வலு போதாமல் இருந்தால் அடிமரத்தை நீங்கள், கிளைகளை அவர்கள்.

பனி போடப் பனிப்பூ வெட்டும்போது விழுந்த வெள்ளைத் துண்டுகளே போதும். கிளையில் பசை தடவித் தூவுங்கள். கிளையின் அடியிலும் ஒட்டலாமா என்று என் மகன் கேட்டான். வானத்திலிருந்து விழும் பனி எந்தப் பக்கம் உட்காரும் என்று திருப்பிக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு மேல்பக்கம் மட்டும் ஒட்டினான். அப்படி ஒட்டியபிறகு அந்த மரம் திடீரென்று மரமாகிவிட்டது.

மினுக்குத்தூள் வேண்டாம் என்பது என் கருத்து. அது பெரும்பாலும் பிளாஸ்டிக். வீட்டைவிட்டும் போகாது, தூவிய தாளும் மறுசுழற்சிக்கு ஆகாது. தாள் கைவேலையின் சுகமே, சலித்துப்போனால் பழையபடி தாளோடு போய்ச் சேர்ந்துவிடும் என்பதுதான்.

முட்டை காக்கும் அப்பா பென்குயின்

குழல்தான் உடம்பு. டிஷ்யூ ரோல் குழல் பத்து செ.மீ. உயரம் இருக்கும், சுற்றளவு பதினான்கை ஒட்டி வரும். கழிவறையிலிருந்து வந்த குழல் என்று கூச்சமாக இருந்தால் சமையலறை ரோலின் குழலைப் பாதியாக வெட்டிக்கொள்ளுங்கள்.

இதழ்களில் கறுப்பு அதிகமுள்ள பக்கத்தைப் பிள்ளை தேடட்டும். வாட்ச் விளம்பரம், இரவு வானம் மாதிரி ஏதாவது கிடைக்கும். 10 செ.மீ. உயரம், 15 செ.மீ. நீளம் வெட்டிப் பசையைத் தாளில் தடவி, குழலை அதன்மேல் உருட்டிக்கொண்டே போனால் சுருக்கமில்லாமல் சுற்றிக்கொள்ளும். தாளைக் குழல்மேல் இழுத்துச் சுற்றினால் கோணலாகும். ரப்பர் வளையம் போட்டுக் காயவிடுங்கள்.

தலைக்கு, செய்தித்தாளைக் குழலின் வாயைவிடக் கொஞ்சம் பெரிய உருண்டையாகக் கசக்கி, இன்னொரு கறுப்புத் தாளில் பொதிந்து, மிச்ச நுனியைக் குழலுக்குள் திணித்துவிடுங்கள். உருண்டை வாயில் இறுக்கமாக உட்காரும். மஞ்சள் தாளில் சிறிய துண்டு இரண்டு, காதோரம். எம்பரர் பென்குயினுக்கு அந்த மஞ்சள் உண்டு. அலகுக்கு ஒரு சின்ன முக்கோணத்தை நடுவில் மடித்து ஒட்டினால் முன்னால் நீட்டி நிற்கும். சிறகுக்கு இரண்டு நீள இலை வடிவம், மேல்நுனியில் மட்டும் பசை. கீழே ஒட்டாமல் விட்டால் அசையும்.

வயிறு வெள்ளைத் தாளில் ஒரு முட்டை வடிவம், 7 செ.மீ. உயரம். இதில்தான் விஷயம் இருக்கிறது. மேல்பகுதியை மட்டும் ஒட்டி, கீழே 2 செ.மீ. ஒட்டாமல் தொங்க விடுங்கள். இதய வடிவில் வெட்டிய அட்டையைப் பாதமாக்கி, அதன் பின்பக்கத்தில் குழலை ஒட்டினால் விரல்கள் முன்னால் தெரியும். வெள்ளைத் தாளை இறுக்கி உருட்டி ஒரு சின்ன முட்டை செய்து பாதத்தின்மேல் வைத்து, தொங்கும் வயிற்றுத் தாளை அதன்மேல் போர்த்துங்கள்.

எம்பரர் பென்குயின் இப்படித்தான் செய்கிறது. அன்டார்க்டிகாவின் கடும் குளிர்காலத்தில் பெண் பென்குயின் முட்டையிட்டுவிட்டு இரைதேடிக் கடலுக்குப் போய்விடும். அப்பா முட்டையைப் பாதத்தில் ஏந்தி, வயிற்றுத் தோல் மடிப்பால் போர்த்திக்கொண்டு, இரண்டு மாதத்துக்கும் மேலாக ஒன்றும் சாப்பிடாமல் நிற்கும். முட்டை பனியில் பட்டால் உறைந்துவிடும். இதைச் சொன்னபிறகு எங்கள் வீட்டில் முட்டை கீழே விழவே விழாதபடி மூன்று தடவை பசை பூசப்பட்டது. (பக்கத்தில் கைக்குழந்தை இருந்தால் முட்டையே வேண்டாம், பாதத்தில் வரைந்துவிடுங்கள்.)

நிறைய செய்தால் அவற்றைச் சேர்த்து நெருக்கமாக நிற்க வையுங்கள். குளிருக்கு அவை அப்படித்தான் ஒட்டி நிற்கும். தலைபாரத்தில் ஆடினால் குழலின் அடியில் செய்தித்தாளை இறுக்கித் திணித்தால் சரியாகிவிடும். அப்புறம் ஒன்று: யாராவது பக்கத்தில் ஒரு பனிக்கரடி செய்துவைத்தால் தடுக்காதீர்கள், ஆனால் ஒன்று வடகோடியிலும் மற்றொன்று தென்பாதியிலும் வாழ்வதால் இயற்கையில் இவை சந்திப்பதே இல்லை என்று மட்டும் சொல்லிவையுங்கள். உடனே ஒரு கப்பல் செய்து கரடியை ஏற்றி அனுப்புவார்கள்.

மாட்டுவதும் இறக்குவதும்

ஒரு உட்காரலுக்கு அரை மணி நேரம் போதும். மரமும் பென்குயினும் ஒரே நாளில் வேண்டாம்; காய்வதற்கு நேரம் கொடுக்க வேண்டும், பிள்ளைகளுக்கும்தான். செய்தித்தாள் மை கையில் ஒட்டும், ஈரத்துணி ஒன்றைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பனிப்பூவை ஜன்னல் கண்ணாடியில் ஒட்ட, மாவுப் பசையை நீர்க்கக் கரைத்து நான்கு முனையில் ஒரு பொட்டு வைத்தால் போதும். ஈரத்துணியால் துடைத்தால் வந்துவிடும். நூலில் தொங்கவிட்டால் மின்விசிறிக்கும் ஹீட்டருக்கும் தள்ளியே தொங்கட்டும். மெழுகுவர்த்தி பக்கத்தில் தாள் வேலை எதுவும் கூடாது. வெளிச்சம் வேண்டுமென்றால் பேட்டரியில் எரியும் சிறு எல்.ஈ.டி. விளக்கு.

இறக்கும்போது பூக்களைப் பழைய இதழ் ஒன்றின் பக்கங்களுக்கு நடுவே வைத்து மூடிவிட்டால் அடுத்த வருடமும் கசங்காமல் இருக்கும். நூல், டேப், விளக்கு எல்லாவற்றையும் பிரித்தெடுத்த பிறகு, வேண்டாததைத் தாள் குப்பையில் போடுங்கள். தாளின் நார் ஒவ்வொரு மறுசுழற்சியிலும் குட்டையாகிக்கொண்டே போகும். முடிந்தவரை பெரிய துண்டாகப் போடுவது நல்லது. பொடித் துண்டுகள் தரம்பிரிக்கும்போது சிதறிப் போய்விடும். அவற்றை நாங்கள் போடுவதில்லை. ஒரு பழைய கடித உறையில் சேர்த்து வைத்திருக்கிறோம், அடுத்த மரத்துக்கு வேண்டுமே. உறைமேல் மகள் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறாள்: "பனி. கொட்டிடாதீங்க."